எட்டு வரிசை

மே 29, வியாழன்

தம்பி காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்கும்போதே, "இந்தத் தடவை நிலத்துல மூட்டை உரம் கிடையாதுக்கா. மாட்டு எரு மட்டும்தான்" என்றான். நுரை என் மேல் தெறித்தது.

நான் பத்தொன்பது வருஷமாக உரக்கடையில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். எந்தப் பயிருக்கு எந்த மூட்டை, எத்தனை நாளில் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இவன் பதினைந்து வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். முழங்கால் போனதால் கம்பெனியில் வேலை போய், ஆறு மாதமாக வீட்டில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்க்கிறான். அதில் யாரோ தாடிக்காரர் சாணத்தைக் கையில் உருட்டிக்கொண்டு பேசுகிறார்.

"ஏறி இறங்குற பெட்டியைப் பத்திப் பேசு, கேட்டுக்கறேன். பயிரைப் பத்தி எங்கிட்ட பேசாதே" என்றேன்.

முகம் விழுந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் நாக்கு எனக்கு முன்னால் ஓடுகிறதே, என்ன செய்ய.

அப்பா விட்டுப்போன நிலம் எங்கள் இருவருக்கும் பொது. இதுவரை அங்கே நான் சொன்னதுதான் சட்டம்.

இந்த டைரி கடையில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உரக் கம்பெனிக்காரன் ஒரு வரி அச்சடித்திருக்கிறான். இன்றைக்கு: "பச்சைதான் பெருமை." எழுத வேறு ஆள் கிடைக்கவில்லை போல.

ஜூன் 1, ஞாயிறு

மூன்று நாள் சண்டைக்கு என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேசினால் பிரேக் போட்ட மாதிரி இருக்கும்.

"நிலத்தைப் பாதியாப் பிரிச்சுக்கோங்க. நீ மூட்டை உரம் போடு, அவன் எருவைப் போடட்டும். யாரு பாதியில விளைச்சல் அதிகமோ, அடுத்த மூணு வருஷம் முழு நிலமும் அவங்க இஷ்டம். இப்ப எனக்கு டீ வேணும்."

துணி காயப்போடுகிற நீல நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் நிலத்தின் நடுவே கட்டினோம். இந்தப் பக்கம் நாற்பது வரிசை எனக்கு, அந்தப் பக்கம் நாற்பது வரிசை அவனுக்கு. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், ஒரே விதை, ஒரே தண்ணீர். அவன் கட்டிய முடிச்சு தளர்வாக இருந்தது. நான் அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

துணியெல்லாம் நாற்காலி முதுகில் காய்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

பால்காரம்மா எரு வண்டியோடு வந்தார். இரண்டு தெரு தள்ளிப் பதினோரு மாடு வைத்திருக்கிறார். எங்களுக்குப் பால் அவரிடம்தான். எருவை இறக்கிவிட்டு, கையில் கொஞ்சம் எடுத்துத் தம்பியிடம் காட்டினார்.

"இதுல மரத்தூள் நிறைய கிடக்கு, தம்பி. இன்னும் சரியா மக்கல. ரெண்டு மாசம் மூடி வைங்க. அவசரப்பட்டுப் போட்டா பயிரு முதல்ல வெளுக்கும்."

"அக்கா விதைக்கிற அன்னைக்கே நானும் விதைக்கணும்மா. இல்லேன்னா போட்டி எப்படிச் செல்லும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. விற்கிறவர் வேண்டாம் என்கிறார், வாங்குகிறவன் விடமாட்டேன் என்கிறான். எங்கள் கடையில் இப்படி ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 5, வியாழன்

விதைத்தோம். நான் என் பாதிக்கு அளந்து போட்டேன். அவன் கூடை கூடையாகக் கொட்டினான். நாற்றம் தெரு வரைக்கும்.

ஜூன் 27, வெள்ளி

என் பக்கம் கரும்பச்சை. அவன் பக்கம் மஞ்சள். கயிற்றின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு தேசம் போல இருக்கிறது. மனசுக்குள் ஒரு கொண்டாட்டம். மறைப்பானேன்?

ஜூலை 2, புதன்

கொண்டாட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை.

தம்பி காலை முழுவதும் அவன் வரிசைகளுக்கு நடுவே ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எவர்சில்வர் ஸ்கேல் வைத்து இலையை அளக்கிறான், நோட்டில் எழுதுகிறான், அடுத்த செடிக்கு நகர்கிறான். வழியில் போன ஒருவர், "என்னப்பா, பயிருக்கு மஞ்சள் காமாலையா?" என்று கேட்டார். இவனும் சிரித்தான். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

சாப்பிடக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தான், பிசைந்தான், எழுந்துவிட்டான்.

"என்னால இனிமே எதுவும் மேல ஏறாது போலக்கா" என்றான். லிஃப்ட்காரன் பேச்சு. ஆனால் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கால் போன பிறகு அவன் தானாக ஆரம்பித்த முதல் காரியம் இதுதான். அது எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. நான் ஒரு முட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

கடையில் மூன்று பேருக்கு மூட்டையை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். முதலாளி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

உடம்புக்கென்ன. கைதான்.

"உன் கையைக் கொஞ்சம் சும்மா வை" என்று வீட்டுக்காரர் எப்போதும் சொல்வார். "யார் வீட்டு அடுப்புல எது கொதிச்சாலும் ஒரு சிட்டிகை உப்புப் போடாம வரமாட்டே." உண்மைதான். அடுத்தவர் மடித்த துணியை நான் மறுபடி மடிப்பேன். அடுத்தவர் குழந்தைக்கு மறுபடி தலை வாருவேன். சரியாக இல்லாத ஒன்று கண்ணெதிரே கிடந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஒரே வாரத்தில் பச்சையாக்க என்னிடம் மருந்து இருக்கிறது. அவனிடம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே எப்படிச் சும்மா இருப்பது?

ஆனால் போட்டி என்று ஒன்று இருக்கிறதே. அதுவும் நானே ஒப்புக்கொண்ட போட்டி.

ஜூலை 5, சனி

செய்துவிட்டேன்.

கடையில் மூட்டை பிரிக்கும்போது தரையில் சிந்துவதைக் கூட்டி எடுத்துக்கொள்ள முதலாளி விட்டிருக்கிறார். அப்படிச் சேர்த்த யூரியா ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறைய இருந்தது. விடியும் நேரத்தில் எடுத்துக்கொண்டு போனேன். அவன் பக்கத்து நாற்பது வரிசைக்கும் லேசாகத் தூவ வேண்டும் என்பது திட்டம். ரொம்பப் பச்சையாக வேண்டாம், அவன் தலை நிமிர்ந்தால் போதும்.

எட்டாவது வரிசை முடியும்போது டப்பா காலி.

நாளெல்லாம் தராசில் முள் அசையாமல் நிறுத்துக் கொடுக்கிறவள் நான். தராசு இல்லாமல் ஒவ்வொரு செடியிடமும் போய், பாவம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டிருக்கிறேன். நாற்பது வரிசைக்கானது எட்டு வரிசைக்குள் போய்விட்டது. மண் ஈரம். வெள்ளைக் குருணை கண்முன்னே கரைந்தது. பத்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிட்டது.

குழாயடியில் கால் கழுவும்போது தம்பி வந்தான். "என்னக்கா, காலங்கார்த்தால காலெல்லாம் சேறு?"

"என் பக்கம் களை பார்த்தேன்."

முதல் பொய். இந்தப் பக்கத்தின் அடியில் அச்சடித்திருப்பது: "ஒரு கைப்பிடி போதும். ஊரே திரும்பிப் பார்க்கும்."

ஜூலை 12, சனி

எட்டு வரிசையும் பச்சை. தம்பி இரண்டு தட்டு சாப்பிட்டான்.

எனக்குத்தான் இறங்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

நடக்கக் கூடாதது ஒன்று நடந்திருக்கிறது. மீதி முப்பத்திரண்டு வரிசையும் பச்சையாகிவிட்டது. நான் எதுவும் போடவில்லை. அவனும் போடவில்லை. தானாக. என் பக்கத்தளவு கறுப்பில்லை, ஆனால் நல்ல பச்சை. தண்டு குட்டையாக, தடியாக, உறுதியாக நிற்கிறது.

அப்படியானால் நான் எதற்குப் போனேன்? இருபது நாள் பொறுத்திருந்தால் போதுமே.

அந்த எட்டு வரிசை மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போய், இலையெல்லாம் தொங்கிக்கொண்டு நிற்கிறது. தம்பி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான்.

"கண்டுபிடிச்சுட்டேன்கா. இந்த எட்டு வரிசைக்கும் போட்டது எருக்குவியலோட அடிப்பகுதி. கடைசியா அள்ளினது. அடியில இருக்கிறதுதான் சத்து!"

நோட்டில் படம் வேறு போட்டு வைத்திருக்கிறான். குவியல், மேல், நடு, அடி. அடிக்குக் கீழே இரண்டு கோடு.

சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமாம்டா, இருக்கலாம்" என்று வெளியே வந்தது.

ஜூலை 26, சனி

பால்காரம்மா வாசலில் பால் வைக்கும்போது புலம்பினார். "உங்க தம்பி வந்து எருக்குவியலுக்கு அடியில இருந்து மட்டும் குடுங்கன்னு நிக்கிறாரு, கடைக்காரம்மா. அடியும் மேலும் ஒரே மாட்டோடதுதானே? குவியலைத் தலைகீழாக் கவுக்கவா நான்?"

இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

மதியம் மூன்று மணிக்குக் காற்று. கடைத் தகரம் பிய்ந்து தெருவில் ஓடியது. பிறகு மழை, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. கடைக்குள் மூட்டைகளைப் பலகை மேல் தூக்கி அடுக்கினோம். எனக்கு நினைப்பெல்லாம் நிலத்தில்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எட்டு வரிசை.

எட்டே எட்டு. ஒன்றுகூட நிற்கவில்லை. யாரோ பாயைச் சுருட்டி விரித்த மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. கணுக்கணுவாக முறிந்திருக்கிறது. பக்கத்து ஒன்பதாவது வரிசை விறைப்பாக நிற்கிறது. என் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி சேற்றில் மண்டியிட்டு ஒரு செடியை நிமிர்த்திப் பார்த்தான். கையை எடுத்ததும் அது மறுபடி விழுந்தது. அடுத்த செடி. அதற்கடுத்தது.

"விடுடா" என்றேன். விடவில்லை. அந்தக் காலை மடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எருவோடு யூரியாவும் சேர்ந்து, அதுவும் ஐந்து மடங்கு. பின்னே நிற்குமா? ஒல்லியாக வளர்ந்து தலை கனத்துவிட்டது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "அளவுக்கு மேல போடாதீங்க, சாஞ்சிடும்" என்று சொல்லியே தொண்டை காய்ந்தவள் நான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சமையலறை மேஜையில் ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காற்று, விதை, தண்ணீர், மண் என்று எழுதி ஒவ்வொன்றாக அடிக்கிறான்.

"பழுது எங்கேயோ ஒரே ஒரு இடத்துலதான் இருக்கும்கா. லிஃப்ட்லயும் அப்படித்தான். இல்லாததெல்லாம் கழிச்சுக்கிட்டே வந்தா, இருக்கிறது தானா மாட்டும்."

முறிந்த தண்டு ஒன்றை என் முன்னால் வைத்தான். "இது யூரியா தின்ன செடி மாதிரி இருக்கு. நீ பாரேன். உனக்குத் தெரியாததா?"

பார்த்தேன். நீளம், மெத்தென்ற தண்டு, மேலாக ஓடிய வேர். தெரியாததா?

"சரியாத் தெரியலையே" என்றேன்.

தாளில் எல்லாவற்றையும் அடித்துவிட்டான். கடைசியாக ஒன்று மிச்சம். "பால்காரம்மா." அதைச் சுற்றி வட்டம்.

"மக்காத எருவை மறைக்கறதுக்கு அடியில யூரியாவைக் கலந்து வித்திருக்காங்க" என்றான்.

அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை. அடித்துக்கூட இருக்கவில்லை. எழுதவே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பால் சொசைட்டிக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் கேனோடு வரிசையில் நின்றிருந்தார்கள். தம்பி நேராகப் பால்காரம்மாவிடம் போய்க் கேட்டான். நானும் கூட இருந்தேன். தடுக்கத்தான் போனேன்.

"எருவில என்ன கலந்தீங்கம்மா?"

"சாணம், வைக்கோல், மரத்தூள். வேற என்ன கலப்பாங்க?"

"யூரியா கலக்கலையா? எட்டு வரிசை படுத்துக் கிடக்கு, வந்து பாருங்க."

அவர் கேனைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "இருபத்தாறு வருஷமாப் பால்ல ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல. சாணத்துல போய்க் கலப்பேனா?" என்று கேட்டார். பாலை அளப்பவர் குனிந்து அளந்துகொண்டே இருந்தார்.

பிறகு பால்காரம்மா என்னைப் பார்த்தார். கூட்டத்தில் என்னை மட்டும்.

நான் சுவரில் மாட்டியிருந்த விலைப் பலகையைப் படித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வாசலில் பால் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இல்லை. வீட்டுக்காரர் கடையில் பாக்கெட் வாங்கி வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

கடைக்கு வந்த காய்கறித் தோட்டக்காரர் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். பால்காரம்மாவிடம் சொல்லி வைத்திருந்த எருவை வேண்டாம் என்றுவிட்டார்களாம். "எதுக்கு வம்பு? சாணம்னு குடுத்து என்னத்தைப் போட்டிருக்காங்களோ" என்றார் ஒருவர். அதற்குப் பதிலாக என்னிடம் யூரியா வாங்கினார்கள்.

நான் நிறுத்துக் கொடுத்தேன். இந்தக் கையாலேயே.

இன்னும் என்ன வேண்டும் எனக்கு? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? தம்பி இடிந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது நிஜமா? நான் அசிங்கப்படுவேன் என்பதுதானே நிஜம்?

ஆகஸ்ட் 18, திங்கள்

"அந்தம்மா இன்னும் இல்லைன்னுதான் சாதிக்கிறாங்க" என்றான் தம்பி. "நாளன்னைக்கு நீ என்கூட வா. இது யூரியா தின்ன செடின்னு எல்லார் முன்னாடியும் நீ சொல்லு. நான் சொன்னா லிஃப்ட்காரன் பேச்சும்பாங்க. நீ உரக்கடை ஆள். நீ சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க."

"வரேன்" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு இந்த டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஜூன் 3. என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. அவசரப்பட்டுப் போட்டால் பயிர் முதலில் வெளுக்கும் என்று பால்காரம்மா அன்றைக்கே சொல்லியிருக்கிறார். முதலில் வெளுக்கும் என்றுதான் சொன்னார், செத்துப்போகும் என்று சொல்லவில்லை. நான் கேட்டேன், எழுதினேன், அதற்குக் கீழே ஒரு நக்கல் வேறு எழுதினேன். அப்புறம் மறந்தேன். எரு விற்றவர் பேசியதைக் கேட்டுக்கொள்ள உரக்கடைக்காரிக்குக் காது எங்கே இருந்தது?

ஆகஸ்ட் 20, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பிஸ்கட் டப்பாவைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். தம்பி முறிந்த தண்டு நாலைந்தைக் கட்டி எடுத்து வந்திருந்தான். நடக்கும்போது, "தெளிவாச் சொல்லுக்கா, மென்னு முழுங்காதே" என்று தைரியம் கொடுத்தான். எனக்கு!

அதே வரிசை, அதே கேன்கள். பால்காரம்மா எங்களைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டார். தம்பி தண்டுகளைக் கல் மேல் வைத்து, "அக்கா சொல்லுவாங்க" என்றான்.

சொன்னேன். "இது யூரியா தின்ன செடிதான். தம்பி சொன்னது சரி. ஆனா எருவில யூரியா இல்லை. ஜூலை அஞ்சாம் தேதி விடியக்காலையில இந்த டப்பாவில எடுத்துட்டுப் போய்ப் போட்டது நான்தான். பயிரு வெளுத்திருந்தது, தம்பி முகம் வாடியிருந்தது, மனசு தாங்கலை. போட்டேன். அதுவும் அளவில்லாமப் போட்டேன். பால்காரம்மா எருவில ஒரு குத்தமும் இல்லை. போன வாரம் அவங்களைக் கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன், வாயைத் திறக்கலை."

யாரோ பின்னாலிருந்து, "உரக்கடைப் புத்தி எங்க போகும்" என்றார். சிரிப்பு எழுந்தது. எழட்டும்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தான். பிறகு திரும்பி, விந்தி விந்தி நடந்து போய்விட்டான். தண்டுகள் கல் மேலேயே கிடந்தன.

பால்காரம்மா கேனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க தம்பி கேட்டதுகூட எனக்குப் பெருசாத் தெரியல, கடைக்காரம்மா. அவருக்குத் தெரியாது, கேட்டாரு. நான் உங்களைப் பார்த்தேனே. அப்ப நீங்க பலகையைப் படிச்சீங்க."

அழுதேன். நடுத்தெருவில் நாற்பத்தேழு வயசுப் பொம்பளை, கையில் காலி டப்பாவோடு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இரண்டு நாள் கழித்துப் பேசினான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வெளுத்தா வெளுத்துட்டுப் போகட்டும்கா. தோத்தா தோத்துட்டுப் போறேன். அது என்னோடதா இருந்திருக்கும்ல?"

"உன் முகத்தைப் பார்க்க முடியலைடா."

"அப்ப பார்க்காம இருந்திருக்கணும். நீ எனக்கு உதவி செய்யலை. இவனால முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டே. கம்பெனிக்காரன் லெட்டர்ல எழுதினான், நீ டப்பாவில கொண்டு வந்தே. அவ்வளவுதான் வித்தியாசம்."

சரியாகத்தானே சொல்கிறான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தம்பி மூன்று நாளாகக் காலையில் பால்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றானாம். முதல் நாள் கதவு திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினாராம். மூன்றாம் நாள், "நின்னது போதும், அந்தச் சாணிக் கூடையைத் தூக்குங்க" என்றாராம். தூக்கினானாம். வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து பார்த்து, விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

நானும் போய் நிற்க வேண்டும். நாளைக்கு. இல்லை, இன்றைக்கே.

செப்டம்பர் 1, திங்கள்

போகிறேன், வருகிறேன். கதவு திறக்கிறது. உள்ளே வா என்று யாரும் சொல்வதில்லை. சொல்லும்வரை போவேன்.

காய்கறிக்காரர் இரண்டு பேரிடமும் கடையிலேயே சொன்னேன். எரு நல்ல எரு, கெடுத்தவள் நான் என்று. முதலாளி காதில் விழுந்தது. "நம்ம கடையில நின்னுக்கிட்டு எருவுக்கு விளம்பரமா?" என்றார். ஆமாம் என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 8, திங்கள்

தம்பி அந்த எட்டு வரிசையை வெட்டி மாட்டுத் தீவனத்துக்குக் கொடுத்துவிட்டான். பால்காரம்மா மாடுகளுக்கு. காலியான இடத்தில் ஒரு கம்பு நட்டு, என் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து மாட்டியிருக்கிறான். காற்றடித்தால் கடகடவென்கிறது. சமையலறை வரைக்கும் கேட்கிறது.

இதற்கு அவன் நாலு அறை அறைந்திருக்கலாம்.

செப்டம்பர் 25, வியாழன்

அறுவடை. எட்டு வரிசையைக் கழித்து, வரிசைக்கு வரிசை ஒப்பிட்டால் என் பக்கம் கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான். கதிரை உரித்துப் பார்த்தால் அவனுடையது நெருக்கமான மணி.

"நீ ஜெயிச்சேக்கா. மூணு வருஷம் நீ சொல்றபடி" என்றான். ஒரு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

"ஆட்டத்தைக் கலைச்சவளுக்கு என்னடா ஜெயிப்பு?"

அவன் கதிர்களைக் கூடையில் அள்ளினான். கயிற்றை அவிழ்க்கவில்லை. ஒரு முனையில் முடிச்சு தளர்ந்திருந்தது. போய் இறுக்கலாமா என்று கை பரபரத்தது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 11, சனி

வாசலில் பால்.

சொம்பைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பால்காரம்மா போய்விட்டிருந்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

பால்காரம்மாவிடம் என் பாதிக்கும் எரு கேட்டேன். நன்றாக மக்கியதா என்று அவரே கிளறிக் காட்டினார். "மூட்டையும் போடுவீங்களா?" என்றார். பாதி அளவு போடுவேன் என்றேன். "போடுங்க. அளந்து போடுங்க" என்றார். உதட்டில் ஒரு கோணல். சிரிப்பாகவே வைத்துக்கொள்கிறேன்.

தம்பி தன் பக்கத்துக்கு எரு மட்டும். இந்தத் தடவை நாலு மாதம் மூடி வைத்தது. மறுபடி விதைத்தோம்.

நவம்பர் 13, வியாழன்

தம்பிக்கு முழங்கால் ஆபரேஷன் தேதி வந்துவிட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கிளம்பும்போது மோட்டார் சாவியை என் கையில் வைத்தான்.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி."

அவ்வளவுதான் சொன்னான். இன்னொன்று சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரரோடு போய்விட்டான்.

நவம்பர் 16, ஞாயிறு

என் பக்கம் கரும்பச்சை. அவன் பக்கம் வெளிர். போன தடவை போல மஞ்சள் இல்லை, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணை உறுத்துகிறது. ஒன்றிரண்டு செடி சவலைப் பிள்ளை மாதிரி நிற்கிறது. கடையில் நேற்றுதான் புது லோடு இறங்கியது. தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. கூட்டி முதலாளி மூட்டையிலேயே போட்டுவிட்டேன்.

மோட்டாரைப் போட்டேன். வாய்க்கால் வழியாகத் தண்ணீர் அவன் பக்கம் திரும்பியது. கம்பில் டப்பா லேசாகக் கடகடத்தது. நான் வரிசைகளுக்கு நடுவே நடந்தேன், எட்டு வரை எண்ணினேன், நின்றேன். இது தானாக வருமா, வராதா? தெரியாது. அவனுக்கும் தெரியாது. கடைசி வரிசை நனையும்வரை நின்றுவிட்டு மோட்டாரை நிறுத்தினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். குரல் மயக்கமாக இருந்தது. கால் நன்றாக இருக்கிறதாம், டாக்டர் மடக்கச் சொன்னாராம், மடங்கியதாம்.

"பயிர் எப்படிக்கா இருக்கு?"

நல்லா இருக்குடா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வெளுத்துத்தான் இருக்கு" என்றேன்.

"ம். இருக்கட்டும்."

"தண்ணி மட்டும் விட்டேன்டா."

"தெரியும்" என்றான்.